தில்லந்தீவில் ஆளில்லை

தில்லந்தீவின் சனத்தொகை பூச்சியம். இன்றைக்கு அதில் நாலு பேர் குடியிருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்குள், கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் நடுவில், கம்பு ஊன்றித் தோணியில் போனால் ஒரு பீடி பத்தி முடிகிற தூரத்தில் அது கிடக்கிறது. பரப்பு பதினொரு ஏக்கர். மாரியில் ஒன்பதாகச் சுருங்கும், கோடையில் பதின்மூன்றாக விரியும். சுற்றிவரக் கண்டல் காடு, அதற்குள்ளே தில்லை மரம், நடுவில் மணல்மேடு, மேட்டில் ஒரு கிணறு. உப்புத் தண்ணிக்கு நடுவில் அந்தக் கிணறு எப்படி இனிக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் இனிக்கிறது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பதால், தீவில் நடக்கிறதுக்கெல்லாம் சனம் மரத்தைத்தான் குற்றம் சொல்லும். அது மரத்தின் வேலை இல்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி பிடித்து அளக்க வந்த ஒரு துரை அங்கே ஐந்து நாள் கூடாரம் அடித்திருந்தார். மாட்டோடு தீவில் கிடந்த ஒரு குடும்பம் காலையும் பின்னேரமும் அவருக்குப் பால் கொடுத்தது. ஆறாம் நாள் குடும்பக்காரன், தன் வளவையும் படத்தில் கீறிவிடச் சொல்லிக் கேட்டான். துரை நிமிர்ந்து பார்த்தார், காற்றுத்தான் இருந்தது. மனித வாசமில்லை என்று எழுதினார். குடித்த பால் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். பிறகு சண்டைக் காலத்தில் அறுபது பேர் அங்கே ஒளித்திருந்தார்கள். துவக்கோடு வந்தவர்களுக்கு அறுபது பேரும் வடிவாகத் தெரிந்தார்கள். ஏழு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை அரிசியும் மாவும் ஏற்றிவந்த வள்ளம் தீவை மூன்று தரம் சுற்றியது. மிச்சம் ஐம்பத்து மூன்று பேரும் கழுத்தளவு தண்ணியில் நின்று கூப்பிட்டார்கள். ஆளில்லையென்று வள்ளம் மாவைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது. இதிலிருந்து ஊர் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. தில்லந்தீவில் மூன்று இரவு படுத்த ஆளுக்கு யாரிடம் எதிர்பார்ப்பு இருக்கிறதோ, அவருக்கு அந்த ஆள் தெரியாது. எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் நன்றாகத் தெரியும்.

மேசன் வினாயகமூர்த்தி இதைக் கேட்டுச் சிரித்தவர். அவருக்கும் இரத்தினம்மாவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்கவேண்டும், கொடுத்த வீட்டை விட்டுத் தாய் தகப்பன் இறங்கவேண்டும். வினாயகமூர்த்தி ஊரெல்லாம் சுவர் கட்டிவிட்டு, மிஞ்சின நேரத்தில் தன் கையால் ஒரு வீடு கட்டினார். மூத்தவள் யசோதினியின் கல்யாணத்தோடு இறங்கினார். ஆறு வருசம் முறிந்து இரண்டாவது வீட்டைக் கட்டினார். இளையவள் தனுஷாவின் கல்யாணத்தோடு அதிலிருந்தும் இறங்கினார். மறுகா அவரும் இரத்தினம்மாவும் மூத்தவளின் வீட்டுக்குப் பின்னால் கிடுகுக் கொட்டிலொன்றில் கிடந்தார்கள். மூத்த மருமகன் பிரதீஸ் களுதாவளைப் பொடியன், மரியாதையானவன், சத்தம் போட்டுப் பேசமாட்டான். கோழிக்கூட்டுக்கு வெயில் படாத இடம் அந்த வளவில் கொட்டில் நிற்கிற இடம் ஒன்றுதான் மாமா என்று மட்டும் சொன்னான்.

காணி கேட்டுப் போனபோது காணிக் கந்தோரில் ஒரு கிளாக்கர், தீவில் ஒரு வருசம் குடியிருந்து கிராம சேவகரின் கடிதத்தோடு வந்தால் பெர்மிட் எழுதலாம் என்றார். அன்றைக்கே இரத்தினம்மா சட்டி பானையைக் கட்டினாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

"இனிக் குடுக்க எனக்குப் பொம்புளப் புள்ள இல்ல. அங்க கட்டுற வீட்ட விட்டு என்ன ஆரும் இறக்க ஏலா," என்றாள்.

ஒரு தோணியில் மூன்று பை சீமெந்துக்கு மேல் ஏற்றினால் தாழும். கல், கம்பி, தகரம் என்று எண்பத்து நாலு தரம் போய்வந்தார்கள். அவர் கல் வைத்தார், அவள் சாந்து குழைத்தாள். அவருக்கு அறுபத்தொன்று, அவளுக்கு ஐம்பத்தேழு. ஒன்பதாம் மாதம் கூரை ஏறியது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் அடுப்படிக் கொட்டில். அவர் கட்டினதிலேயே நல்ல வீடு அதுதான். வருசம் முடிய கிராம சேவகர் வந்தார். இரத்தினம்மா கதிரை போட்டாள், தேத்தண்ணி வைத்தாள். அவர் கதிரையில் இருந்தார், தேத்தண்ணியைக் குடித்தார், சீனி கூடிப்போச்சு என்றார். அறைகளை எட்டிப் பார்த்தார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானுக்கு நேரே நின்று தன் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சொன்னாள், ஏழு தரம் சொன்னாள். அவர் ஆளில்லா வீடு என்று எழுதிக்கொண்டு போனார்.

தனுஷாவுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்கிற அன்று இரத்தினம்மா தோணியேறிப் போனாள். தாய் வந்தால் ஒரு பாயும் ஒரு கோப்பைச் சோறும் கொடுக்கவேண்டும். ஆகையால் தனுஷாவுக்கு அவள் தெரியவில்லை. வாசலில் நின்ற தாயின் கால்வரை குப்பையைக் கூட்டி வந்தாள், காலைச் சுற்றிக் கூட்டினாள், பெத்தவள் எட்டியும் பார்க்கவில்லையென்று அக்காவிடம் அழுதாள். நாய் வந்து இரத்தினம்மாவின் கையை நக்கியது. அந்த மாரி வெள்ளத்தில் தோணியும் உடைந்துபோனது.

அதற்குப் பிறகு அவர்களுக்கு இருந்தது பிலிப்பு ஒருவன்தான். படுவான்கரையில் இறால் பிடிக்கிற, சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். அவனிடம் அவர்களுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை, ஆகையால் அவனுக்கு இரண்டு பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள். தினமும் விடிய வந்து விறாந்தையில் குந்துவான். கிணற்றுத் தண்ணி எடுத்துப் போவான்; தானாக நினைத்தால் அரிசி கொண்டுவருவான்.

"அண்ணன், உங்களுக்கு வோட்டும் இல்ல, வரியும் இல்ல, மருமகனும் இல்ல," என்பான். "எங்கட சுவாமி மோட்சம் மோட்சம் எண்டு கத்துறது இதத்தான்."

"அப்ப நீயும் வந்து மூணு நாள் படன்," என்பார் வினாயகமூர்த்தி.

"மோட்சத்துக்குப் பொண்டாட்டிய விட்டுட்டு வாறதா? அவ தேடி வந்து அடிப்பாள்."

இரண்டு வருசம் இப்படிப் போனது. மூன்றாம் வருசம் பலகை கழற்றும்போது துருப்பிடித்த ஆணியொன்று வினாயகமூர்த்தியின் பாதத்தில் ஏறியது. இரண்டாம் நாள் கணுக்கால் வீங்கியது, மூன்றாம் நாள் முழங்கால். காய்ச்சலில் பல் கிட்டியது. பிலிப்பின் தோணி துறையில் நின்றது. ஆசுபத்திரி அக்கரையில் இருந்தது. கேட்கவேண்டியதுதான் மிச்சம்.

"கேட்டிராத கா," என்றார் அவர். "கேட்டா அவனும் போயிருவான். அவனாச் சொல்லட்டும்."

அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிலிப்பு காலைப் பார்த்தான். யானைக்கால் மாப்பிள்ளை என்று பகிடி விட்டான், மஞ்சளை அரைத்துக் கட்டச் சொன்னான், போனான். அடுத்த நாள் அவன் பேசும்போது முகம் ஒரு சாண் விலகி, சுவரைப் பார்த்தபடி இருந்தது. அதற்கடுத்த நாள், அக்கா ஏன் இருட்டுக்குள்ள நிக்கிறீங்க என்று கேட்டான். அவள் வெயிலில் நின்றாள். அவளுடைய மனம் கேட்கத் தொடங்கியிருந்தது, வாய்தான் மூடியிருந்தது. கால் கறுத்து மணக்கத் தொடங்கிய காலை, அவள் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, இந்த மனுசன ஆசுபத்திரிக்கு ஏத்திட்டுப் போ."

பிலிப்பு கையில் கோப்பையோடு நிமிர்ந்தான். அக்கா என்று கூப்பிட்டான், அண்ணன் என்று கூப்பிட்டான். கிறுகிக் கிணற்றுப் பக்கம் பார்த்தான். குளிக்கப் போயிட்டாங்க போல என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு, மிச்சத் தேத்தண்ணியையும் குடித்தான். அவள் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள். காத்துக் கூடிப்போச்சு என்று சாரத்தை இறுக்கிக் கட்டினான். புருசனை முதுகில் போட்டுத் துறைவரை இழுத்து வந்தாள். அதற்குள் அவன் கம்பை ஊன்றிவிட்டான்.

அதிலிருந்து இரண்டாம் நாள் மத்தியானம் வினாயகமூர்த்தி செத்தார். கிணற்றுக்குத் தூரமாக, மேட்டின் பின்பக்கத்தில் அவள் தனியாகக் குழி வெட்டினாள். மணல் சரியச் சரிய வெட்டியதில் ஒரு பகல் பிடித்தது. பிலிப்பு ஒரு கிழமை வந்து கூப்பிட்டுப் பார்த்தான். எட்டாம் நாள் தேத்தண்ணிக் கேத்தலை எடுத்துக்கொண்டு போனான். அதைக் களவென்று சொல்ல ஏலாது, ஆளில்லா வீடு. அவன்தான் ஊருக்குள்ளே போய், தீவில் நல்ல வீடொன்று சும்மா கிடக்கு என்று சொன்னவன்.

அடுத்த வருசம் ரோட்டு அகலிக்க யசோதினியின் வீட்டை இடித்தார்கள். பதிலுக்கு அரச காணி எடுக்கச் சொன்னார்கள், பட்டியலில் தில்லந்தீவும் இருந்தது: பதினொரு ஏக்கர், கல்வீடு, கிணறு, ஆட்சியில் எவருமில்லை. பெர்மிட் பிரதீஸின் பெயருக்கு எட்டு மாதத்தில் வந்தது. யசோதினியும் அவனும் கைப்பிள்ளையும் நாலு ஆடும் ஒரு தோணியில் வந்து இறங்கினார்கள். மூன்று இரவு படுத்தார்கள். பிறகு பிரதீஸ் மின்சாரம் கேட்டுக் கந்தோருக்குப் போனான்; கிளாக்கர் அவனுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

அவர்கள் வந்து இறங்கின நேரம் இரத்தினம்மாவுக்கு ஒருவரிடமும் ஒன்றும் தேவைப்படாமல் போய் நெடுநாள். பெர்மிட் வேண்டியதில்லை, சோறு வேண்டியதில்லை, அழுவதற்கு ஒரு ஆள் கூட வேண்டியதில்லை. ஆகையால் இறங்கின அன்றே முற்றம் கூட்டிக்கொண்டு நின்றவளை யசோதினிக்கு நன்றாகத் தெரிந்தது.

"அம்மா, இஞ்சயா இரிக்கிங்க?" என்றாள்.

"ஓம் மகள்."

"அப்பா?"

இரத்தினம்மா மேட்டைக் காட்டினாள். யசோதினி பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். ஆட்டை அங்கே கட்டவேண்டாம் என்று பிரதீசுக்குச் சொல்லவேண்டும் என்றாள். இரத்தினம்மா உள்ளே போய்ப் பாயைச் சுருட்டி எடுத்து, பின்னால் அடுப்படிக் கொட்டிலில் கொண்டுபோய் விரித்தாள். இறங்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டக் கிணறு எந்தப் பக்கமென்று யசோதினி கேட்டாள். இரத்தினம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.