சுவீடன் வகுப்பு

குளிர்காலத்தில் மெல்பேர்ண் விடியத் தயங்கும். அந்தச் சலவைத் தொழிற்சாலைக்கு அந்தத் தயக்கம் கிடையாது. மல்கிரேவ் வீதியில் நிற்கும் கார்களின் கண்ணாடியில் உறைபனி கரையுமுன்பே உள்ளே ஆட்கள் வியர்த்துப்போவார்கள். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விரிப்புகள், ஈரத்தோடு கல்லாய்க் கனக்கும். கூடையிலிருந்து இழுத்து, உதறி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துணியைக் காயவைத்துத் தேய்க்கும் சுடுஉருளையின் வாய்க்குள் கொடுக்க வேண்டும். தாட்சாயினியும் இரஞ்சிதமும் அந்த வாயில்தான் நின்றார்கள். நீராவி முகத்தில் அடிக்கும், பிளீச் தொண்டையைக் கீறும், முழங்காலுக்குக் கீழே மட்டும் குளிரும்.

சச்சிதானந்தனுக்கு அழுக்குத் துணி பிரிக்கும் மேசை. இரத்தமும் மலமும் படிந்தவற்றை முகம் சுளிக்காமல் தனியே எடுத்துப் போடுவார். எண்பதுகளில் மொஸ்கோவில் பொருளியல் படித்தவர், யாழ்ப்பாணத்தில் கட்சி வகுப்பு எடுத்தவர். அவரைப் படிப்பித்த நாடே உலகப் படத்தில் இல்லாமற் போய்விட்டது. மனிதர் வகுப்பை மட்டும் நிறுத்தவில்லை. தேநீர் இடைவேளையில் பிஸ்கட்டைத் தொட்டுச் சாப்பிட்டபடியே தொடங்கிவிடுவார்.

"சுவீடனிலை வருத்தக்காரத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடை லீவு. ஏன் குடுக்கினம்? அன்பிலையோ? புரட்சி வந்திடுமெண்ட பயத்திலை! கொதிக்கிற பானையின்ரை மூடியை இடைக்கிடை திறந்து ஆவியை விடுறதுதான் உந்தச் சமூக சனநாயகக்காரற்றை வேலை. பானை வெடிக்காது. உது எலும்புத்துண்டு, பிள்ளையள். உதுக்குக் கையேந்தக் கூடாது."

போன வருடம் அவருக்கு இடுப்பெலும்பு மாற்றியது இந்த நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரி. ஒரு சதம் கேட்கவில்லை. அதைப் பற்றி வகுப்பில் பேச்சில்லை.

முதலாளி மகாதேவன் கோயம்புத்தூர்க்காரர். கோப்பிக் கோப்பையோடு வாசலில் சாய்ந்து நின்று இந்த வகுப்பை ரசித்துக் கேட்பார். "தோழர், அருமை" என்பார். கம்யூனிஸ்டுக்குக் கைதட்டும் முதலாளியைக் கண்டு யாருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்த மனிதர் சொன்னால் நம்பிவிடுவது நம்முடைய சனங்களுக்கு ஊறிப்போன பழக்கம். கோடையில் யூனியனிலிருந்து மோனிகா என்றொரு பெண் வந்து வாசலில் துண்டுப்பிரசுரம் நீட்டினாள். "மூடி திறக்கிற ஆக்கள் வந்திட்டினம்" என்றார் சச்சிதானந்தன். எல்லோரும் சிரித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள்.

உருளையின் வாயில் ஒரு பாதுகாப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். பழசாகிப்போனதால் விரிப்பின் மடிப்புப் பட்டாலும் நின்றது. வேலை தாமதமாகிறது என்று மகாதேவன் ஒருநாள் அதைப் பின்னுக்கு இழுத்து மின்வயரால் கட்டிவிட்டார். மற்றவர்கள் இன்னும் வந்திராத நேரம்.

ஒரு புதன்கிழமை தாட்சாயினியின் கையுறை விரிப்போடு சுருண்டது. இழுக்கப் பார்த்தாள், கையும் சேர்ந்து போனது. அவள் கத்தியது நீராவிச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு கேட்டது. இரஞ்சிதம் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றபோது தோல் விரிப்பில் ஒட்டியிருந்தது. அம்புலன்சைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி மகாதேவன் தன் காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனார். தங்கமான மனிதர் என்று அன்று இரண்டொருவர் மெச்சவும் செய்தார்கள்.

அடுத்த வாரமே தாட்சாயினி வந்துவிட்டாள். வலக்கை முழங்கை வரை கட்டு. இடக்கையால் துவாய் மடித்தாள். தேநீர் அறையில் இரஞ்சிதத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் பிள்ளை வந்தனி? வேர்க்கவர் இன்சூரன்சுக்குப் போட்டால் வீட்டிலை இருக்கச் சம்பளம் வரும், வைத்தியமும் அவை பாப்பினம். நீ ஏன் போடேல்லை?"

"நான் டொக்டரிட்டை குசினியிலை கஞ்சி ஊத்துண்டதெண்டு சொல்லிப்போட்டன், அக்கா. வேலையிலை நடந்ததெண்டால் விசாவுக்குப் பிரச்சினை வருமெண்டு முதலாளி சொன்னவர்." அவள் சச்சிதானந்தன் பக்கம் திரும்பினாள். கண்ணில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அதோடை சச்சி அண்ணையும் சொல்லுறவர்தானே, உதுக்குக் கையேந்தக் கூடாதெண்டு."

வாசலில் மகாதேவன் நின்றார்.

"கரெக்டா சொன்னீங்கம்மா. தோழர் எத்தனை வாட்டி கிளாஸ் எடுத்திருக்கார்! எலும்புத்துண்டுக்குப் போய் வாலாட்டணுமா? நாம எல்லாம் ஒரே குடும்பம். கேரம் டவுன்ஸ் கோயில்ல உங்க பேருக்கு அர்ச்சனை பண்ணச் சொல்லியிருக்கேன். கை சரியாயிடும்."

"அர்ச்சனை இருக்கட்டும். அந்தக் கம்பியை எப்ப அவிழ்க்கப் போறியள்?" என்றாள் இரஞ்சிதம்.

"எந்தக் கம்பி? அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு. தோழரைக் கேளுங்க, சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடக் கூடாதுன்னு அவரே சொல்லுவார்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சச்சிதானந்தன் கையில் பிஸ்கட் அப்படியே இருந்தது. வெட்கம் அவருடைய காது வரை ஏறியது. மொஸ்கோவில் குறிப்பெடுத்த வசனம், யாழ்ப்பாணத்தில் கைதட்டு வாங்கிய வசனம், இப்போது முதலாளியின் வாயில் எத்தனை வசதியாகப் பொருந்தியிருக்கிறது! இரஞ்சிதம் அவரை விடவில்லை.

"அண்ணை, எலும்பெண்டே வைப்பம். அவை பயத்திலை குடுத்ததெண்டு நீங்கள்தானே சொன்னியள். ஆருக்குப் பயந்தவை? ஆரோ பத்துப் பேர் சேந்து நிண்டு கடிச்சுப் பறிச்சிருக்கினம். அதைப் போய் எங்களுக்கு வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு நீங்கள் ஆர்?"

சச்சிதானந்தன் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். பயந்தார்கள் என்பதை இத்தனை வருடமும் முதலாளிகளைக் கேலி செய்யச் சொன்னாரே தவிர, பயமுறுத்தியவர்களை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சுவீடனிலோ இங்கேயோ, அவர்களும் இப்படியொரு சூட்டில் நின்றவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் பறித்துக்கொடுத்த கட்டிலில்தான் அவர் இடுப்பு ஆறும்வரை படுத்திருந்தார்.

வேலை முடிந்து தரிப்பிடத்தில் நின்று யூனியனின் இணையப் பக்கத்தில் மோனிகாவின் இலக்கத்தைத் தேடியெடுத்தார். பேசும்போது அவருடைய ஆங்கிலம் தடுமாறியது. கோடையில் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அவள் அதைக் கேட்க விரும்பவில்லை. "உங்களோடு எத்தனை பேர் நிற்பார்கள்?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றார். வகுப்பு எடுத்த மனிதருக்கு அதைச் சொல்ல நாக்கூசியது.

அன்று பின்னேரம் முழுக்க அவரும் இரஞ்சிதமும் வீடு வீடாகப் போனார்கள். மாணவர் விசாவில் வந்து அவர்களோடு வேலை செய்யும் ஹரிப்பிரியா கதவைப் பாதி திறந்தபடியே கேட்டாள். "நான் வர்றேன்னு சொல்ல மாட்டேன் அங்கிள். பயமா இருக்கு." அவர் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தும் யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தார்.

மறுநாள் விடியற்காலை கூடைகள் நிரம்பியிருந்தன, உருளை ஓடவில்லை. அதைச் சுற்றித் தொழிலாளிகள் நின்றார்கள். வெளியே வாசலில் மோனிகா. மகாதேவன் வேகமாக வந்தார்.

"என்ன இதெல்லாம்? ஆஸ்பத்திரிக்கு யார் பதில் சொல்றது? அந்தம்மாவுக்கு அவங்க வீட்ல பட்டது. டாக்டர்கிட்ட அவங்களே சொல்லியிருக்காங்க."

தாட்சாயினி கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"பொய் சொன்னனான்" என்றாள். "என்ரை கை இஞ்சைதான் வெந்தது. இந்த உருளையிலை."

"ஓம், நான் பக்கத்திலை நிண்டனான்" என்றாள் இரஞ்சிதம்.

"நானும் பார்த்தேன் சார்." கடைசி வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. ஹரிப்பிரியா. வரமாட்டேன் என்று சொன்னவள் சீருடையோடு வந்து நின்றாள்.

மகாதேவன் சச்சிதானந்தனைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "தோழர், நீங்களாவது சொல்லுங்க. நீங்க அந்தப் பக்கம் மேசையில இருந்தீங்க, எதையும் பார்க்கலியே?"

"கை போனதை நான் பாக்கேல்லை" என்றார் சச்சிதானந்தன். குனிந்த தலை நிமிரவில்லை. "நீங்கள் கம்பியைக் கட்டினதைப் பாத்தனான். அண்டைக்கு நான் விடிய வெள்ளெணவே வந்திட்டன். ஒரு கம்பிக்காகச் சண்டை பிடிக்கிறது சில்லறை வேலையெண்டு நினைச்சுக்கொண்டு பேசாமல் என்ரை மேசைக்குப் போனனான்."

எல்லோருக்கும் கேட்கும்படி தன் முகத்தில் தானே காறித் துப்பிக்கொண்ட மனிதரை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர் தாட்சாயினியிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

தாட்சாயினி அவரைப் பார்த்தாள். பிறகு சற்று ஒதுங்கித் தனக்கும் இரஞ்சிதத்துக்கும் நடுவில் இடம் விட்டாள்.

"உதை வேர்க்கவர்காரருக்கும் சொல்லுவியளோ அண்ணை?"

"சொல்லுவன்."

"அப்ப இதிலை வந்து நில்லுங்கோ."