தென்னரசு சொன்ன மழை

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் காலை வேளையில் கால் வைக்க இடம் இருக்காது. அன்று ஒருவர் கைபேசியை உரக்க வைத்து மேடைப்பேச்சு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழை எச்சரிக்கைன்னு செவப்புன்னாங்க, ஆரஞ்சுன்னாங்க, மஞ்சள்னாங்க. பள்ளிக்கூடத்துக்கு லீவும் உட்டாங்க. கடைசியில இன்னா வந்துச்சு? வெயில் வந்துச்சு! எங்க ஊரு கிளி ஜோசியக்காரன் இவங்களுக்குத் தேவலாம்யா. அவன் கிளியாவது எப்பனா ஒருவாட்டி கரெக்டா எடுக்கும்!"

கடையே சிரித்தது. அந்த மேடையில் பேசிய தென்னரசு நான்கடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. மேடையில் இருக்கும் பட்டுத்துண்டு இப்போது தோளில் இல்லை, அவ்வளவுதான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். தென்னரசு பிழைத்தது வாயால்தான். கட்சிக் கூட்டம் எங்கே நடந்தாலும் இவருடைய பேச்சுக்கென்று தனிக்கூட்டம் வரும். பேசி முடித்ததும் அத்தனை பேரும் கலைந்துவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் இல்லை, காட்சி இல்லை. லாட்ஜ் மாடியில் ஓர் அறை, பொட்டலத்தில் பரோட்டா. 'சாப்பிட்டியா' என்று கேட்க உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவருடைய அக்கா சவுரியம்மாள். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண்ணையாற்றங்கரைத் தெருவில், கூலி வேலை செய்து தனியாக வாழ்பவள். தினமும் போன் செய்வாள். அன்றும் செய்தாள்.

"சாப்பிட்டியாடா? உன் பேச்சுதான் நம்ம தெரு முழுக்க ஓடிக்கினு இருக்குது. எல்லாரும் சவுரியம்மா தம்பி, சவுரியம்மா தம்பின்றாங்க. எனக்கு ரெண்டு காலும் தரையில நிக்கல."

அந்தப் பேச்சின் பின்கதை அவளுக்குத் தெரியாது. ஆற்றங்கரை மேட்டில் புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்று கட்டுவதாகத் திட்டம் வந்திருந்தது. கட்சிக்காரர் சீனுவாசன் தென்னரசைத் தேடி வந்தார்.

"அண்ணே, காலநிலை மாறுது, இனிமே பெஞ்சா ஒரேடியா கொட்டும்னு யாரோ விஞ்ஞானிங்க எழுதிக் குடுத்துக்கிறாங்க. நமக்கு அந்த எடத்துல கல்யாண மண்டபம் வேணும். நீங்க மேடையில ஒரு போடு போட்டா போதும்."

தென்னரசு ஒரு போடு போட்டார். விஞ்ஞானிகள் எழுதியதில் ஒரு வரிகூட அவர் படிக்கவில்லை, சீனுவாசனும் படிக்கவில்லை. முடிவு எடுக்க வேண்டியவர்களும் படிக்காமலேயே, ஊர் சிரிக்கிறதே என்று பயந்து திட்டத்தைக் கைவிட்டார்கள். படித்துப் பார்த்து மறுத்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும்.

கார்த்திகை மாதத்தில் மறுபடியும் சிவப்பு எச்சரிக்கை வந்தது. கிராம நிர்வாக அலுவலர் மலர்விழி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைத் தெருவுக்கு வந்தார். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று தொண்டை வறளக் கூப்பிட்டார். அங்கே வெறும் தூறல்தான்.

"இன்னா மேடம், கிளி எடுத்துக் குடுத்துச்சா?" என்று ஒருவர் கேட்க, தெருவே சிரித்தது.

பக்கத்து வீட்டு வீரம்மாள் மட்டும் துணிமூட்டையோடு வாசலில் இறங்கினாள். சவுரியம்மாள்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்க போற? வானத்தப் பாரு, தூறல்தானே. இதெல்லாம் சும்மான்னு என் தம்பி மேடையிலயே சொல்லிக்கிறான். அவனுக்குத் தெரியாததா?"

வீரம்மாள் மூட்டையை உள்ளே வைத்துவிட்டாள். மழை மேற்கே மலைப்பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் ஆறு தெருவுக்குள் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் ஓடினார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போன வீரம்மாளின் கணவர் விருத்தாசலம் வரவே இல்லை.

கட்சி கொடுத்த அரிசி மூட்டைகளோடு தென்னரசு பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்தார். வராந்தாவில் பாய்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. ஒரு மூலையில் மட்டும் ஒரு பாய் தனியாக இருந்தது. அதைச் சுற்றி ஆள் படுக்கும் அளவுக்கு வெறும் தரை. அந்தப் பாயில் சவுரியம்மாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு வரிசையில்கூட அவளுக்குப் பின்னால் நிற்க யாரும் விரும்பவில்லை.

"யாரும் எங்கூட பேசறதில்லடா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ எதுவும் வாயத் தொறக்காத. உன் தம்பி பேச்சக் கேட்டுத்தானேன்னு வீரம்மா அழுதா. அவன் அப்படிச் சொல்லல, நான்தான் தப்பா புரிஞ்சிக்கினேன்னு சொல்லிட்டேன். உனக்கு எலெக்‌ஷன் நேரம் பாரு."

தென்னரசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்துபோய் மலர்விழியிடம் கேட்டார்.

"அம்மா, வெள்ளம் வரும்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

மலர்விழி களைத்துப் போயிருந்தார். "நிச்சயமா யாருக்கும் தெரியாது சார். வர்றதுக்கு வாய்ப்பு ஜாஸ்தின்னுதான் சொல்றாங்க. சில தடவ வராமலும் போவும். ஹெல்மெட் போட்டுக்கினு போறோம், கீழ விழாம வீடு வந்து சேர்றோம். அதுக்காக ஹெல்மெட்டத் திட்றமா? இவங்க தலைக்கு மேல இருக்கிற வானத்த மட்டும் பாத்தாங்க சார். எங்கியோ பெய்யிற மழையையும் சேத்துத்தான் அந்த எச்சரிக்கை."

அடுத்த வாரம் சீனுவாசன் கூப்பிட்டார். "வெள்ளத்த வச்சி ஒரு பேச்சு பேசணும்ணே. எதிர்க்கட்சிக்காரன் மேல போட்டுத் தாக்குங்க."

"வெள்ளத்த வச்சிப் பேசுனா என்னப் பத்திதான் பேசணும்," என்றார் தென்னரசு.

அதோடு மேடை போனது. ஆள் அம்பு போனது. லாட்ஜைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். வீரம்மாள் வீட்டு வாசலில் போய் நின்று, தப்பு என்னுடையது, அக்காவுடையது அல்ல என்றார். வீரம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள். தெரு அவர்கள் இருவரையுமே ஒதுக்கியது. ஒரு காலத்தில் ஆயிரம் பேர் கைத்தட்டிய மனிதர், வடித்த சோறு ஆறுவதைப் பார்த்துக்கொண்டு அக்காவோடு உட்கார்ந்திருப்பார். அந்தத் தனிமையை அவர் கேட்டுத்தான் வாங்கினார். ஆனால் அக்கா ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான் அவரை அறுத்தது.

மறுவருஷம் மறுபடி எச்சரிக்கை வந்தது. ஆட்டோவில் மலர்விழிக்குப் பக்கத்தில் தென்னரசு ஏறி, மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"வெள்ளம் வரலாம், வராமலும் போவலாம். கிளின்னு சொன்ன அதே வாய்தான் இப்ப சொல்லுது. ஜல்தியா கெளம்புங்க. வரலன்னா நாளைக்கு என்னப் பாத்து சிரிங்க."

முதலில் யாரும் அசையவில்லை. வீரம்மாள் துணிமூட்டையோடு வெளியே வந்தாள். தென்னரசைத் திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு வீடாகக் கதவு பூட்டும் சத்தம் கேட்டது.

வெள்ளம் வரவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்து முற்றத்தில் பளிச்சென்று வெயில் அடித்தது.

"இன்னாண்ணே, உங்க கிளியும் ஏமாத்திடுச்சா?" என்று ஒருவர் கேட்டதும் வராந்தா முழுக்கச் சிரிப்பு. தென்னரசும் சிரித்தார். கூடவே கண் கலங்கியது.

"நல்லா சிரிங்க. வெள்ளம் வரலன்னா எச்சரிக்கை தோத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. எல்லாரும் உசிரோட ஒக்காந்து சிரிக்கணும்னுதான் அதச் சொல்றாங்க. படிச்சிக் கணக்குப் போட்டவங்க பேச்ச ஒதுக்கிட்டு, கைத்தட்டல் வாங்குறவன் பேச்சக் கேட்டு எந்த முடிவும் எடுக்காதீங்க. அப்படி எடுத்ததாலதான் இங்க சிரிக்கிறதுக்கு ஒருத்தர் கொறையிறாரு."

சிரிப்பு அடங்கியது. வீரம்மாள் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மூலையில் தனியாக இருந்த சவுரியம்மாளின் பாயில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தென்னரசிடம் பேசினாள்.

"அடுத்தவாட்டியும் வந்து சொல்லு. பத்துவாட்டி வெள்ளம் வராம போனாலும் போவுது, நானும் உங்க அக்காவும் மூட்டையக் கட்டிக்கினு வர்றோம்."