பல்லிக்குச் செல்லும் வலி

பள்ளி முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து எங்கள் வகுப்பு ஒன்றுகூடியது, ஒரு டயர் கடைக்கு மேலே நான்காவது மாடி அறையில். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புதுப் பெயிண்ட் வாசனை. அறையைப் பிடித்துக் கொடுத்தவன் எங்கள் வகுப்புத் தலைவன். இப்போது வீட்டுத் தரகன். அந்தக் காலத்தில் பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுதியவன், இன்று பேசாதவர்களை அதட்டிக்கொண்டிருந்தான்.

“வாய்க்குப் பூட்டு போட்டுட்டா வந்தீங்க? ஏய், நீ சொல்லு. இப்ப என்ன பண்றே?”

“மருந்துக் கடைல இருக்கேன்” என்றான் எதிரில் இருந்தவன்.

“அப்ப எங்களுக்கு விலை குறைச்சுத் தருவே?”

“முதல்ல நோயோட வா. அப்புறம் பார்க்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண் மட்டும் கதவைவிட்டு நகரவில்லை. இன்று அவன் வந்தால் சொல்லிவிடுவது என்று பேருந்தில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்திடம் பத்துத் தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன்.

“பல்லி வந்துட்டாண்டா!”

கம்பெனிச் சட்டையோடு நேராக வேலையிலிருந்து வந்திருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். விரல் இடுக்குகளில் கிரீஸ் கறுப்பு, எவ்வளவு கழுவினாலும் போகாத மாதிரி.

“பல்லி சுவத்துல ஏறும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இவன் என்னடான்னா ஊரையே ஏத்திவிடறான்” என்றான் தரகன்.

“ஏத்திவிடறது சுலபம். பத்திரமா இறக்கிவிடணும், அதுக்குத்தான் சம்பளம். இந்தக் கட்டடத்து லிஃப்ட்ல மட்டும் யாரும் போயிடாதீங்க. நான் படியிலதான் வந்தேன்.”

பேசும்போது கவனித்தேன். குரல் கரகரத்து, அடியில் எங்கோ கனத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வேறு யாரோ.

தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், வேறெங்கோ பார்த்தபடி கேட்டான். “உங்க அண்ணன் வரலையா?”

“கடைல வேலை.”

பொய். என் பெரியப்பா மகன், என்னைவிட எட்டு மாதம் மூத்தவன், அன்று மாவரைக்கும் கடையைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை; இங்கே வராமலிருக்கத்தான் திறந்தான். காலையில் நான் அழைத்தபோது, “பட்டியல்ல அவன் பேர் இருக்கு. என்னைப் பார்த்தா பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிடுவான். நிம்மதியா சாப்பிடட்டும், நீ போயிட்டு வா” என்று சொல்லிவிட்டான்.

ஒரு காலத்தில் அண்ணனும் இவனும் நகமும் சதையும். இவனுக்கு அப்போது ல, ள, ழ மூன்றும் ஒரே சத்தம்தான். வகுப்பில் எழுந்து பாடம் வாசிக்க வேண்டிய முறை வந்தபோது, ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒளிந்து பயிற்சி நடந்தது. “நாக்கை மடக்குடா. இன்னும் மடக்கு. முழுங்கிடாதே!” என்று அண்ணன் கத்துவான். இவன் திரும்பத் திரும்ப, “பல்லிக்குச் செல்லும் வலி” என்பான். பள்ளிக்குச் செல்லும் வழி. எங்களுடையது கூட்டுக்குடும்பம். அடுத்த அறையில் நான் படிப்பதுபோல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பில் என்னை யாருக்கும் தெரியாது. இருக்கிறேனா இல்லையா என்பதுகூட. அவன் வாசிக்க வேண்டிய நாளன்று யாரும் வருமுன்பே வகுப்புக்குப் போய், பலகையில் பெரிதாக எழுதினேன்: ‘பல்லிக்கு எங்கே வலி?’ பக்கத்தில் வாலில் கட்டுப் போட்ட ஒரு பல்லி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. யார் எழுதியது என்று எவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் என்னால் சிரிக்கிறார்கள் என்று உள்ளுக்குள் எனக்கு இனித்தது. இவன் பலகையைப் பார்த்தான், பிறகு அண்ணனைப் பார்த்தான். அந்தப் பயிற்சி தெரிந்த ஒரே ஆள் அண்ணன்தான் என்று நினைத்துவிட்டான். பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனவன், அதன்பின் அண்ணனோடு பேசி நான் பார்க்கவே இல்லை.

“கொஞ்சம் வெளிய வர்றியா?” என்றேன்.

படிக்கட்டு மேடையில் நின்றோம். ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. “பலகைல எழுதினது நான்தான்” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவன் கைப்பிடிக் கம்பியில் உரிந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினான்.

“மறுநாள் உங்க அண்ணன் வந்தான்” என்றான் கடைசியில். “‘நான் இல்லடா’ன்னான். ‘அப்ப யாரு, சொல்லு’ன்னேன். வாயே திறக்கல. பொய் சொல்றவன்தானே அப்படி நிப்பான்?”

“அவனுக்குத் தெரியும். என் கையெழுத்து.”

“சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.”

“என்னைத் திட்டுவாங்கன்னு...”

“தங்கச்சியைக் காட்டிக்கொடுக்கல” என்று அவனே முடித்தான். “அவன் கல்யாணப் பத்திரிகையை என் வீட்டுக்கே கொண்டுவந்தான், தெரியுமா? உள்ளே நான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியும். அவன் தட்டறான், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். கடைசில அடியில சொருகிட்டுப் போனான்.” பிறகு, “உன்மேல கோபப்படணும். வரமாட்டேங்குது. இத்தனை வருஷமும் அவனுக்கே செலவாயிடுச்சு” என்றான்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் போனில் அண்ணனை அழைத்து, மணி அடிக்கும்போதே அவனிடம் நீட்டினேன். சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினான்.

“ஹலோ... நான்தான்.”

அந்தப் பக்கம் கடையின் மாவரைக்கும் இயந்திர இரைச்சல். அதை மீறிக்கொண்டு அண்ணன் குரல் எனக்கே கேட்டது. “சொல்லுங்க. யாருங்க பேசறது? என் தங்கச்சி போனாச்சே, அவ எங்கங்க? அவளுக்கு ஒண்ணுமில்லையே?”

அவன் போனை என் கையில் வைத்துவிட்டான்.

“‘ங்க’ போடறான்” என்றான். “என்னைப் போய்.”

“அண்ணா, எனக்கு ஒண்ணுமில்ல” என்றேன். “இப்ப பேசினது அவன். நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினான் போலிருக்கிறது, இரைச்சல் மெல்லச் சுழன்று இறங்கி அடங்கியது.

“அவன் குரலா அது?” என்றான்.

போனை ஸ்பீக்கரில் போட்டு இருவருக்கும் நடுவில் பிடித்தேன். உள்ளேயிருந்து தரகன், “போட்டோ எடுக்கணும், பல்லி எங்கேடா?” என்று கத்தினான். இவன் கைப்பிடிக் கம்பியை விடவில்லை. அண்ணனும் போனை வைக்கவில்லை. என் கை வலித்தது. மாற்றிப் பிடிக்கப் பயந்து அப்படியே நின்றேன்.