பங்காளியின் கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு மொட்டைக் கடுதாசியாகத்தான் ஆரம்பித்தது. நான் ஐந்தாவது வரை படித்தவன். இதற்கு முன்னால் சொந்தமாக எழுதியது அது ஒன்றுதான். [இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.]

கதையின் முதல் வரியை, “செவிலிமேட்டில் அப்பாதுரை என்றொரு நல்ல மனிதர்...” என்று எழுதினேன். பொய். விட்டுவிட்டேன்.

அப்பாதுரை என்பது நான் வைத்த பேர். வேற்று ஆளாக நிறுத்தினால் திட்டுவது சுலபம்.

1972-ஆம் வருஷம். அப்பாதுரைக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவன் சித்தப்பா மகன் கலியன். கலியன் மகள் பெரியநாயகிக்குப் பிற்பட்டோர் ஒதுக்கீட்டில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்பாதுரை மகன் தர்மனுக்கு அவளைவிடப் பதினோரு மார்க்கு அதிகம், இடம் இல்லை.

ஒரே தாத்தா, ஒரே சாதி. பிறகு எப்படி?

2

தர்மனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது வாத்தியார் சாதி கேட்டார். ஜரிகை வேட்டியில் போயிருந்த அப்பாதுரை ஒரு படி ஏற்றி, முற்பட்ட சாதி ஒன்றின் பேரைச் சொன்னான். அன்றைக்கு அது மதிப்பாகத் தெரிந்தது. கலியன் உள்ளதைச் சொன்னான். “பொழைக்கத் தெரியாதவன்” என்று அப்பாதுரை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

இப்போது டீக்கடையில் தேசிகன் வாத்தியார், மார்க்கை விட்டுச் சாதியைப் பார்ப்பது என்ன நியாயம் என்று கேட்டார். இத்தனை காலம் சாதியைப் பார்த்துத்தானே எங்களை வெளியே நிறுத்தினீர்கள் என்றான் தறிக்காரப் பழனி. அப்பாதுரை பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தேசிகன் பக்கம் பேசினான். பழனி திரும்பிப் பார்த்தான்.

“ஏம்பா, சீட்டு உன் புள்ளைக்குக் கெடைச்சிருந்தா நீ எந்தப் பக்கம் குந்திக்கினு இருப்ப?”

[இதற்கு ஒரு நல்ல பதில் எழுதப் பார்த்தேன். அகப்படவில்லை.]

3

அன்றைக்கே கலெக்டர் ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி எழுதினான். “கலியன் காட்டிய சாதிச் சான்றிதழ் பொய். நம்பாவிட்டால் அவன் பங்காளி மகன் தர்மனின் பள்ளிப் பதிவேட்டைப் பாருங்கள்.” தன் பொய்யையே கலியனின் உண்மைக்கு எதிர்சாட்சியாக நிறுத்தினான். பொறாமைக்கு மூளை அதிகம்.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அதே பையில் இன்னொரு காகிதமும் இருந்தது: தர்மனின் பதிவைத் திருத்தச் சொல்லி, ஆளை வைத்து எழுதி வாங்கிய மனு. திருத்தினால் அடுத்த வருஷம் அவனுக்கும் வழி உண்டு. ஆனால் பங்காளி ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாலுகா ஆபீசில், பழனி பக்கத்தில் நிற்கும்போதே, சொல்லிவிட்டார்கள். கலியனிடம் போய் நிற்பதா?

தபால் பெட்டிக்குப் பத்தடி முன்னால் கலியனே எதிரே வந்தான்.

“அண்ணா, தர்மன் பேப்பருக்கு என் கையெழுத்து வேணுமாமே, பழனி சொன்னான். குடு, போட்றேன். அன்னிக்கே உள்ளதைச் சொல்லியிருந்தா ரெண்டு புள்ளைங்களும் ஒரே பஸ்ல போயிருக்கும்.”

கடைசி வாக்கியம் இல்லாமல் அவன் பேசியிருக்கலாம்.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அப்பாதுரை அழுதான். அவன் அழுகிற ஆள் இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். இன்னொன்றில் கலியனை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவைத்து, கடுதாசியைப் பெட்டியில்...

வேண்டாம்.

பையில் கை விட்டதும் எந்தக் காகிதம் வெளியே வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். உங்களையும் நான் நம்பவில்லை. சொன்னால், “நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன்” என்பீர்கள்.

கலியன் பேனாவைத் திறந்துகொண்டு நிற்கிறான். மை காய்வதற்குள் எந்தக் காகிதம் என்று நீங்கள் சொல்லுங்கள்.