நாற்பத்து மூன்றாம் கட்டு

எங்கள் தோட்டக் கம்பெனியின் காஜா பேராங் ஆபீஸில் ஒரு சட்டம் உண்டு. பழைய பதிவு அறைக்குள் பேனா, காகிதம் எதுவும் போகக்கூடாது. உள்ளேயிருந்து ஒரு தாளும் வெளியே வரக்கூடாது. எந்தக் காலத்திலோ எவனோ மைக்கூட்டைக் கவிழ்த்தானாம். தண்டனை எங்களுக்கு.

ஆகவே பதிவுக் குமாஸ்தாவான கருணாகரன் கிராணி உள்ளே போய், துணியில் சுற்றிய பிறப்புப் பதிவுக் கட்டைப் பிரித்து, படித்து, மண்டைக்குள் ஏற்றிக்கொண்டு வந்து என் டைப்ரைட்டர் பக்கத்தில் நின்று ஒப்பிப்பார். நான் அடிப்பேன். 'அசலைப் பார்த்தேன்' என்று அவர் கையெழுத்துப் போடுவார். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு குடியுரிமை மனுவுக்குப் பிறந்த அத்தாட்சி கேட்டு செங், புக்கிட் பாரு என்று எங்கிருந்தெல்லாமோ சனம் வந்தது. பொன்னம்மா என்பவளுக்கு அவள் பிறந்த கிழமையைக்கூடச் சொன்னார். அவள் அழுதேவிட்டாள். எனக்கு எரிச்சல்தான். மனுஷனுக்கு ஒரு தடவையாவது மறக்க வேண்டாமா?

கடைசியில் அவரே மனுப் போட்டார். தன் பதிவுக்குத் தானே கையெழுத்துப் போட முடியாது. அத்தாட்சி இல்லாவிட்டால், கண்ணால் பார்த்தறியாத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான் என்ற பயத்தில் இரண்டு வாரமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேன். எத்தனாவது கட்டு?"

"நாப்பத்து மூணு. வேணாம் விஜயா, நானே சொல்லிர்றேன். நீ அடி."

"அதெல்லாம் ஆகாது. சட்டம்னா சட்டந்தான், கிராணியாரே."

கட்டின் துணி சுத்தமாக இருந்தது. முடிச்சு அழகாக இருந்தது. உள்ளே ஒரு தாளும் மிச்சமில்லை, கரையான் மண்தான். பக்கத்துக் கட்டிலும் மண். இன்னும் நான்கைப் பிரித்தேன். அடப்பாவி மனுஷா!

அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எப்பலேருந்து?"

"ஜப்பான்காரன் காலத்துல. அதுக்கு முந்தி எல்லாத்தையும் நாந்தான் அடுக்கி வச்சேன். படிச்சிருக்கேன்."

"அப்ப உள்ள பத்து நிமிசம் என்னதான் பண்ணுவீங்க?"

"நெனச்சுப் பாப்பேன்."

"தொரைகிட்ட சொல்லலியா?"

"சொன்னா, இந்தச் சனம் எங்க போகும்?"

எனக்கு வந்த கோபத்தில் மேசையை ஓங்கி அறைந்தேன். கை வலித்தது. பாவமாகவும் இருந்தது.

"என் நாற்காலில உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க."

அவர் மனுவைக் காலையில் ஒரு தடவை பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பேரு கருணாகரன். அப்பா பேரு அப்பாசாமி. பொறந்தது ஆயர் குரோ பக்கத்துத் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒம்பது, மார்ச்சு ஏழு."

ஒற்றை விரலால் அடித்துக்கொண்டு வந்தவர் நிறுத்தினார்.

"அம்மா பேரு?"

அது மனுவில் இல்லை. நான் கண்ணைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அஞ்சலை," என்றார் மெதுவாக.

"ஆமா, அஞ்சலைன்னுதான் போட்டிருந்துச்சு," என்று சொல்லி, அசலைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன்.