முதல் மூட்டை

குழல்வாய்மொழி என்பது புனைபெயர் என்றுதான் சென்னையில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டி எடுக்க வந்த பெண், "காவியத்துக்குன்னே செஞ்ச பேரு மாதிரி இருக்கே, எப்படிப் பிடிச்சீங்க?" என்று கேட்டபோது அவள் சிரித்து வைத்தாள். அது குற்றாலத்து அம்மன் பெயர், அப்பா நேர்ந்துகொண்டு வைத்தது, எங்கள் தெருவிலேயே மூன்று குழல்வாய்மொழி உண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெயருக்கு முன்னால் இருந்த அப்பாவின் 'சி'யைப் புத்தக அட்டையிலிருந்து எடுத்தவளும் அவள்தான். பதிப்பகத்தில் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

"அப்பா என்ன பண்றாங்க?"

"பாவூர்சத்திரம் மார்க்கெட்ல வியாபாரம்."

அதுவும் அவள் வாயால் வந்ததுதான்.

அப்பா சிவனணைந்தபெருமாள் எதையும் வாங்கி விற்றவரில்லை. லோடுமேன். விடிவதற்குள் வந்து நிற்கும் லாரிகளிலிருந்து வெங்காய மூட்டை இறக்குவார். முப்பது வருஷம் சுமந்ததில் கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கழுத்துதான் அவளைப் படிக்க வைத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி.

திருநெல்வேலியில் விடுதியில் சேர்ந்த முதல் மாதம், சந்தையிலிருந்து நேரே பஸ் ஏறி அவளைப் பார்க்க வந்தார். தோளில் சும்மாட்டுத் துண்டு, கையில் ஒரு பை பலாச்சுளை. அறைத்தோழி மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருட்டி அது? வெங்காய நாத்தம் தாங்கல" என்றாள்.

"எங்க ஊர்க்காரரு" என்றாள் குழல்வாய்மொழி.

அந்த நாட்களில்தான் போனில் ஒரு கதைச் செயலியில் 'அருவிமுடி'யை எழுதத் தொடங்கியிருந்தாள். ஏழு அருவிகளுக்கு அப்பால் ஒரு நாடு, பறக்கும் வரையாடுகள், பதினாறு வயதில் முடிசூடிய அரசி. எதிரிகள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அப்பா பஸ் ஏறிப் போன அன்றைக்கே கிடைத்துவிட்டார்கள். சுமையர். கழுத்தில்லாத கூட்டம். அழுகிய வெங்காயம்போல நாறுவார்கள். கொக்கியால் மனிதரைக் குத்தித் தூக்குவார்கள். போர் முடிந்ததும் வெட்டிய தலைகளைக் குவித்து எண்ணுவார்கள்: லாபம், ரெண்டு, மூணு.

வாசகர்களுக்குச் சுமையர் என்றால் உயிர். மூன்று பாகம் அச்சில் வந்தது. இணையத்தில் பிடிக்காத ஆளைத் திட்டுவதற்கு 'போடா சுமையா' என்பது வழக்கமாகிவிட்டது. அதைப் பார்த்து அவள் பெருமைப்பட்டாள். சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுதினாள்.

நான்காம் பாகத்தைக் குற்றாலத்தில் சீசன் நேரத்தில் வெளியிடலாம் என்றது ஸ்ரீதேவியின் யோசனை. பதிப்பகத்தில் விழா ஏற்பாடெல்லாம் அவள் பொறுப்பு. "அருவி நாட்டுக் கதைய அருவிக்குப் பக்கத்துலயே வெளியிடுறோம், எப்படி!" இலஞ்சி போகும் சாலையில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தார்கள். குழல்வாய்மொழி வீட்டுக்குப் போன் செய்து, "மெட்ராஸ்ல ஒரு கூட்டம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். வீட்டுக்கும் மண்டபத்துக்கும் அரை மணி நேர பஸ்.

தென்காசி பஸ் ஸ்டாண்ட் சுவரில் அவள் முகம் போட்ட போஸ்டர் ஒட்டியிருப்பார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை.

வெளியே சாரல். உள்ளே இருநூறு பேர். கல்லூரிப் பிள்ளைகள் ஒரு காட்சியை நடித்துக் காட்டினார்கள். சுமையர் தளபதியாக ஜெயபிரியா என்ற பெண். முகத்தில் கரி, முதுகில் தலையணை கட்டிய கூன், தலையில் துண்டைச் சுருட்டி வைத்த சும்மாடு. தேங்காய்களைத் தலைகளாகக் குவித்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு எண்ணினாள்.

"லா...பம்! ரெண்டு! மூணு!"

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. குழல்வாய்மொழியும் சிரித்தபடி நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள். கடைசி வரிசைக்குப் பின்னால், தூணோரம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா. நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் உட்காரவில்லை. அவரும் கை தட்டிக்கொண்டிருந்தார்.



அரசி வந்து தளபதியை வெட்டிச் சாய்த்தாள். விசில் பறந்தது. பிறகு கேள்வி நேரம். முதல் கேள்வியே அதுதான். "மேடம், சுமையரை எங்க இருந்து எடுத்தீங்க? அவ்வளவு நிஜமா இருக்காங்க!"

தூணைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "முழுக்கக் கற்பனை. அப்படி ஒரு கூட்டத்த நான் எங்கயுமே பாத்ததில்ல."

நன்றாகக் கை தட்டினார்கள்.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. அவள் தலை நிமிராமல் போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கை நான்காம் பாகத்தை மேசைமேல் வைத்தது. நகமெல்லாம் வெடித்த கை. விலைச்சீட்டுகூட எடுக்காத புத்தகம்.

பக்கத்தில் நின்ற ஸ்ரீதேவி, "ஐயா எங்க இருந்து வர்றீங்க?" என்றாள்.

"பாவூர்சத்திரம்மா. மார்க்கெட்ல லோடுமேன்."

"அட! மேடத்துக்கு அந்த ஊருதான். மேடத்தோட அப்பாவத் தெரியுமா? அங்கதான் வியாபாரம்."

அவர் ஸ்ரீதேவியைப் பார்த்தே பதில் சொன்னார்.

"பழக்கமில்லம்மா. பெரிய மார்க்கெட்லா. நான் சும்மா வாசகரு."

குழல்வாய்மொழியின் பேனா நின்றுவிட்டது.

"கையெழுத்து போடுங்கம்மா" என்றார் அப்பா. பெற்ற மகளைப் பார்த்து, ங்க போட்டு. "மூணு பாகமும் கேட்டாச்சு. மத்தியானம் சாப்பிட்டுட்டு இசக்கிமணின்னு ஒருத்தன் சத்தமா வாசிப்பான். சாக்கு மேல படுத்துக்கிட்டு நாங்க பத்து பதினஞ்சு பேரு கேப்போம். என்னைய இப்ப அங்கன எல்லாவனும் சுமையர் ராசான்னுதான் கூப்பிடுதானுவோ." சிரித்தார். "'ஏ ராசா, கிரீடத்த எடுத்து வச்சிட்டு மூட்டைய எறக்கும்வே'ங்கான்."

ஸ்ரீதேவியும் சிரித்தாள். "சூப்பர்ங்கய்யா!"

"ஒண்ணே ஒண்ணு மட்டும்." குரலைத் தாழ்த்தி, மேசைமேல் குனிந்தார். "மொத மூட்டைக்கு ஒண்ணுன்னு சொல்லாம லாபம்னு சொல்லுதது, மூட்டைக்காரன் வெளங்கணும்னுதாம்மா. அவன் யாரா இருந்தா என்ன, நல்லா இருக்கட்டும்னு சொல்லுத வார்த்த. செத்தவன் தலைக்கு அதச் சொல்ல மாட்டோம். எளவு வீட்டுல நாங்க எதையுமே எண்ண மாட்டோம். அத மட்டும் மாத்திருங்க. மத்தபடி கழுத்து, நாத்தம், எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிய."

கோபமே இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"பேரு என்ன போடணும்?" என்று ஸ்ரீதேவி கேட்டாள்.

"பேரெல்லாம் வேண்டாம்மா. சீக்கிரம் போடச் சொல்லுங்க, பின்னால ஆளு நிக்காங்க."

அவள் கை பழக்கத்தில் ஓடியது. குழல்வாய்மொழி. முன்னால் எழுத்தில்லாமல். புத்தகத்தை வாங்கி, சட்டைக்குள் சொருகி, மழை படாமல் பட்டன் போட்டுக்கொண்டு அவர் நடந்தார். அடுத்த புத்தகம் மேசைக்கு வந்தது. அதிலும் கையெழுத்துப் போட்டாள். அதற்கடுத்ததிலும். மூன்றாவதில்தான் பேனா கீழே விழுந்தது.

"யப்பா!"

மண்டபமே திரும்பியது. வாசற்படியில் அவர் நின்றார். திரும்பி, பதறிப்போய், 'உக்காரு, உக்காரு' என்று கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். தவறு செய்தவர் போல இருந்தது அவர் முகம். பிறகு சாரலுக்குள் இறங்கிவிட்டார்.

"உங்க அப்பாவா?" என்றாள் ஸ்ரீதேவி. "வியாபாரம்னீங்க?"

"மூட்டை தூக்குதாரு. எங்கப்பாதான். அவரப் பாத்துத்தான் எழுதினேன். எல்லாத்தையும்."

மேசைக்கு எதிரே, அடுத்த ஆளாக, வேஷம் கலைக்காமல் ஜெயபிரியா நின்றுகொண்டிருந்தாள். அவள் மெல்லக் கையை உயர்த்தி, தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். மறு கையால் முகத்துக் கரியைத் துடைக்கத் துடைக்க, அது இன்னும் பரவியது.

"சாரி மேடம்" என்றாள் அந்தப் பெண். "எங்களுக்குத் தெரியாது."