மூன்றரை விருந்தாளிகள்

சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்கு ஊருக்கு வந்த விருந்தாளிகளை யாருமே பார்க்கவில்லை. ஆனால் போட்டி தொடங்கிய மறுநாள் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் படுக்கைகள் கசங்கிக் கிடந்தன, தண்ணீர்த் தொட்டி காலியாகியிருந்தது, சோப்பு பாதியாகத் தேய்ந்திருந்தது. வாடகை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

போட்டிக்கு வெகுநாள் முன்பே அமைப்புக் குழுவின் அதிகாரி பள்ளிக்கூட மண்டபத்தில் மைக் பிடித்து, வீட்டுக்குச் சராசரியாக மூன்றரைப் பேர் தங்க வருவார்கள், இதன் பலன் பத்து வருடம் ஊரில் நிற்கும் என்று அறிவித்திருந்தார். கைதட்டிய சத்தத்தில் அந்த அரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மைதானத்துக்குப் பின்தெருவில் முன்னறையைத் தையற்கடையாக வைத்திருந்தவளை, அதை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடச் சொல்லி, பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் நச்சரித்தே கரைத்தார். தையல் மிஷின்கள் தச்சரான அவள் அண்ணனின் பட்டறைக்குப் போயின. வாடிக்கையாளர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். முன்னறைக்குக் கட்டில் செய்ய வந்த அண்ணன், "மாப்ள, மூணு கட்டில் சரி. அந்த அரை ஆளுக்குத் தொட்டில் போதுமா?" என்று கேட்டார். ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காவதையும் முழுக் கட்டிலாகவே செய்யச் சொன்னார்.

கசங்கிய படுக்கைகளைப் பார்த்ததும் தையற்காரி நேராகக் கணவரின் சட்டைப்பையைத் துழாவினாள். "யாரை உள்ள விட்டீங்க? காசு எங்க?" என்றாள். "அதை நான்ல உங்கிட்ட கேக்கணும்? நான் வண்டிக்குப் போனப்புறம் வீட்ல இருந்தது நீதானே," என்றார் அவர். அன்றிலிருந்து அவர் அவளுடைய கைப்பையைத் திறந்து பார்ப்பதும், அவள் அவருடைய காலுறைகளை உதறிப் பார்ப்பதும் வழக்கமாயின. தெரு முழுக்க இதே கதைதான். எதிர்வீட்டு முடிதிருத்துபவர் தம்பியோடு பேச்சை நிறுத்தினார். இஸ்திரிக்காரர் மாமியாரின் தலையணை உறையைப் பிரித்துப் பார்த்து, பஞ்சைத் தவிர எதையும் காணாமல், அதற்காகவும் அவர்மேல் சந்தேகப்பட்டார்.

தையற்காரி ஒரு நாள் அளவு நாடாவை எடுத்து மெத்தைகளில் விழுந்திருந்த பள்ளங்களை அளந்தாள். ஒரே உயரம், ஒரே தோள், ஒரே மார்பு. நான்காவது மெத்தையில் அதே அளவு இடுப்புவரை வந்து நின்றுவிட்டது. அவள் சட்டை தைத்துக் கொடுத்த இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூடத் தோள் ஒன்றாக இருந்ததில்லை. "அந்த ஆள் மைக்ல சராசரின்னு சொன்னாரே, அவங்கதாங்க வந்திருக்காங்க," என்றாள். ஓட்டுநர் பெரிதாகச் சிரித்தார். கட்டில் கிரீச்சிட, அதில் யாரோ திரும்பிப் படுத்ததும் நிறுத்திக்கொண்டார்.

அணிகள் போயின. போட்டியை நடத்திய சர்வதேசச் சங்கம் டிக்கெட் பணத்தையும் ஒளிபரப்புப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, மைதானத்தை ஊருக்கே விட்டுவிட்டுப் போனது. அதன் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும் செலவு வீட்டுவரியில் ஏறியது. விருந்தாளிகள் மட்டும் போகவில்லை; பத்து வருடம் என்று சொல்லப்பட்டிருந்ததே. கட்டில்களை அண்ணனும் ஓட்டுநரும் சேர்ந்து தூக்கியும் அசைக்க முடியவில்லை. கட்டில்களுக்கு இடையிலிருந்த இடுக்கில் கொண்டுவந்து போட்ட மிஷின், மறுநாள் துணி போர்த்தப்பட்டு வாசலில் மரியாதையாக நின்றது.

தையற்காரி அமைப்புக் குழு அலுவலகத்துக்குப் போய், தன் கடை தனக்கு வேண்டும் என்றாள்.

"படுக்கை எல்லாம் நிரம்பியிருக்கா?"

"நிரம்பித்தான் இருக்கு சார். ஆளுதான் இல்ல."

"அப்போ எங்க கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்ற அதிகாரி, குரலைத் தாழ்த்தினார். "காசு வாங்காம யாராவது இத்தனை நாள் தங்க விடுவாங்களாம்மா? உண்மையைச் சொல்லுங்க."

அடுத்த மாதமே விடுதி வரி கேட்டு ஆள் வந்தது.

அதன்பிறகு அவள் யாரிடமும் போய் நிற்கவில்லை. பட்டறையில் உட்கார்ந்து, மெத்தையில் எடுத்த அளவுக்கு நான்கு சட்டைகள் தைத்தாள், தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்படி நல்ல மஞ்சள் துணியில். கட்டிலுக்கு ஒன்றாக மாட்டிவைத்தாள். மாலையில் சட்டைகள் ஆணியிலிருந்து இறங்கி, பொத்தான் போட்டுக்கொண்டு, மைதானத்தை நோக்கி நடந்தன. யாரும் ஆடாத அந்தப் புல்லைப் பார்ப்பதற்காக அவர்கள் தினமும் போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. அறை காலியாகும் நேரமும் தெரிந்தது.

அன்று முதல் சட்டைகள் தெருமுனை திரும்பியதும் மிஷின் உள்ளே வருகிறது. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் அந்த நேரம் பார்த்தே துணியோடு வருகிறார்கள். வழியில் எதிர்ப்பட்டால் சட்டைகளுக்கு ஒதுங்கி இடம் விடுகிறார்கள். இருட்டத் தொடங்கும்போது ஓட்டுநர் வாசலில் நின்று பார்த்து, "வர்றாங்க, எழுந்திரு," என்கிறார். தையற்காரி நூலைக் கடித்து அறுத்துவிட்டு, மிஷினை வெளியே தள்ளிக் கதவை ஒருக்களித்து வைக்கிறாள்.